மேலே விட்ட இடம்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் முதியோர் கல்வி வாத்தியாராக இருந்தேன். ஊர் ஏரியைக் காப்பது பற்றி எங்களுக்கும் எங்களிடம் படித்தவர்களுக்கும் ஏரிக்கரையிலேயே மூன்று நாள் பயிற்சி நடந்தது. கரை நெடுகப் பனங்கொட்டை ஊன்றினோம். கடைசி நாள், நடத்த வந்த அதிகாரி என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "வந்தவங்க கையெழுத்தை வாங்குங்க. மேல இடம் விடுங்க, வருகைப் பதிவுன்னு நான் எழுதிக்கிறேன்."

தாளை வைத்து எழுத அட்டையை நான்தான் பிடித்துக்கொண்டேன். அதுவரை கைநாட்டு வைத்தவர்கள், பெருமை பொங்க ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்கள்.

ஆறு மாதத்தில் ஏரியை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் தொழிற்பேட்டைக்குக் கல் நட்டார்கள். நியாயம் கேட்கப் போன எங்களிடம், ஊரின் சம்மதக் கடிதம் என்று அதே தாளைக் காட்டினார்கள். நான் விட்ட இடத்தில், நிலத்தைக் கொடுக்கச் சம்மதம் என்று டைப் அடித்திருந்தது. அந்த அயோக்கியனை மூன்று நாளும் வாய் நிறைய ஐயா என்று கூப்பிட்டிருந்தேன்.

என் மாணவர்களில் மூத்தவர், நெல் விவசாயி, தாளில் தன் பெயரைத் தடவிப் பார்த்தார்.

"வெத்துத் தாளுல நான் கைநாட்டு வெச்சதே இல்ல, வாத்தியாரே. அட்டையப் புடிச்சிக்கினு நிக்கிறது நீயாச்சேன்னுதான் எழுதினேன்."