மீனுக்கு விழுந்த புட்டா

எங்கள் தறியில் நெய்த சேலையைச் சரிபார்த்து வாங்கிப்போக முதலாளி அனுப்பும் அந்த ஆளின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. டீ கொடுத்தால்கூட டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

தறிக்குப் பக்கத்தில் என் மீன்தொட்டி. அதில் கறுப்புப் பட்டுபோல ஒரு பிளாக் கோஸ்ட் மீன். ஒருநாள் அதன் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்.

"பாத்தீங்களாண்ணே, என் மீனு சேலையாட்டம் தானாவே புட்டா போட்டுகினு வருது" என்று பீற்றினேன்.

அவர் பூதக்கண்ணாடியைத் தொட்டியில் வைத்துப் பார்த்தார். "புட்டான்னா வரிசை இருக்கணும்பா. இது கண்ட எடத்துல கீது. டிசைன் இல்ல, டேமேஜ்."

பயந்துபோய் வேலூர் மீன்கடைக்கு ஓடினேன். ஒட்டுண்ணிதான், இன்னும் இரண்டு நாள் விட்டால் மீன் செத்துவிடும் என்றார் கடைக்காரர். செதில் இல்லாத மீன் மருந்து தாங்காது என்று பாதி அளவுதான் ஊற்றச் சொன்னார். தண்ணீரையும் மெல்ல மெல்லச் சூடாக்கி, பத்து நாள் தறியில் உட்கார்ந்தாலும் கண்ணைத் தொட்டியிலேயே வைத்துக் கிடந்தேன்.

அடுத்த முறை வந்தவர் நேராகத் தொட்டிக்குத்தான் போனார். தலையிலிருந்து வால்வரை பார்த்தார்.

"ஒரு புள்ளி இல்ல. மீனு பாஸ்."

பிறகு என் சேலையை விரித்தார். மூன்று புட்டா வரிசை தப்பியிருந்தது.

"இன்னா நைனா, அங்க இருந்தது இங்க வந்து ஒட்டிகிச்சா?"

சிரிக்காமல் கேட்டுவிட்டு, அதே சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். நூலளவு தப்பையும் விடாத மனிதர் அதை ஏன் எடுத்துப் போனார்? அந்த மீனுக்குத்தான் தெரியும்.