வெள்ளைத் தாளில் மஞ்சள்

ஆரோக்கிய ஷீலாவைப் பத்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசியவர்கள் காரைக்குடியில் யாரும் இருக்க முடியாது. ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் லேப் உதவியாளராக இருந்தாள். நான் அதே கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மதியம் நான் டப்பாவைத் திறந்து இரண்டாவது கவளம் எடுப்பதற்குள் அவள் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து, ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாள். காலில் சக்கரம் கட்டியிருக்கிறாயா என்று கேட்டால், சக்கரம் காலில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது என்பாள்.

அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. பத்து வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. துடிப்பு ஓர் ஒழுங்கில் வராது. பெண் பார்க்க வந்தவர்களின் காதில் யாரோ புண்ணியவான் அதைப் போட்டு வைக்க, கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. செக்காலையில் அவள் அப்பா மரியசூசை விட்டுப்போன சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். நான் அடுத்த தெரு.

வரையும்போது மட்டும் அவள் கால் ஆடாது. அதை நான் பல தடவை நின்று பார்த்திருக்கிறேன். பென்சில் கையில் வந்துவிட்டால் போதும், ஆள் சிலை. பரீட்சைக்கு முந்தின வாரம் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடி வருவார்கள். எருக்கு, ஊமத்தை, அரளி, நித்தியகல்யாணி எல்லாம் அவளுக்கு மனப்பாடம். செடியைப் பார்க்காமலே வரைந்து, வண்ணம் தீட்டி, அடியில் அதன் குடும்பம், பயன்படும் பாகம், மருந்து, நஞ்சு என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுவாள். அங்கே தாவரவியல் படித்து இன்றைக்குப் பெரிய பதவியில் இருக்கிற பாதிப் பேருடைய நோட்டில் இருப்பது ஷீலாவின் கை. முதல் பக்கத்தில் பெயர் மட்டும் அவர்களுடையது. எனக்கு அதில் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பாள்.

ஆய்வகச் சுவரில் டிஜிடாலிஸ் செடியின் படம் ஒன்று தொங்கியது. குளிர் நாட்டுச் செடி. ஒரு நீளத் தண்டு, அதில் ஒரே பக்கமாகச் சாய்ந்து தொங்கும் ஊதா மணிகள், மணியின் தொண்டைக்குள் புள்ளிகள். ஷீலா விழுங்கிவந்த டிகாக்சின் மாத்திரை இந்த வகைச் செடியின் இலையிலிருந்து வருவது. அது தெரிந்த நாளிலிருந்து அந்தப் படத்தைத் தூசி தட்டுவதற்கென்றே தனியாக ஒரு துணி வைத்திருந்தாள். 'நமக்குச் சோறு போடுறதும் இதுதான், உசிரு கொடுக்குறதும் இதுதான்' என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த மாத்திரையைத் தினமும் போடக் கூடாது. உடம்பில் தங்கிச் சேர்ந்துகொள்ளும். வாரத்தில் ஐந்து நாள் போட்டு, சனி ஞாயிறு விட்டுவிட வேண்டும். முதன்முதலில் எழுதிக் கொடுத்த திருப்பத்தூர் டாக்டர் தமாஷான மனிதர். மறக்காமல் இருக்கட்டும் என்று, காலேஜுக்கு லீவு என்றால் மாத்திரைக்கும் லீவு என்று சொல்லி அனுப்பினார். இருபத்திரண்டு வருஷம் ஷீலா அந்தக் கணக்கில்தான் ஓட்டினாள். பொங்கல், தீபாவளிக்கு என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. அந்த டாக்டரும் பிறகு மகனோடு வெளிநாடு போய்விட்டார். அதே பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டி வாங்கிக்கொண்டிருந்தாள்.

போன டிசம்பரோடு அவள் ஓய்வு பெற்றாள். மாலை, சால்வை, ஆளுக்கு ரெண்டு வார்த்தை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவள், ஒரு வாரத்தில் வீட்டுச் சாமான்களை மூன்று தடவை இடம் மாற்றினாள். நல்ல வேளையாக நாராயண் வந்து சேர்ந்தான். ஒரு காலத்தில் ஷீலா கையால் ரெக்கார்டு வாங்கிப் பாஸ் பண்ணியவன். இப்போது திருப்பத்தூர் சாலையில் மருந்தியல் கல்லூரி ஒன்று கட்டுகிறான். நுழைந்ததும் வருகிற நீண்ட நடையில் மருந்துச் செடி, நச்சுச் செடி என்று இருபத்துநாலு படங்கள் மாட்ட வேண்டும், அவள்தான் வரைய வேண்டும் என்றான். போகும்போது, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் உங்கள் பெயர் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு அவள் என் வீட்டுக்கு மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் அதையேதான் சொன்னாள். அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. டிஜிடாலிஸைக் கடைசியாக வைத்துக்கொள்வதாகவும், அதை மட்டும் பழைய படத்தைப் பார்த்துப் போடாமல் கொடைக்கானலுக்குப் போய் நேரில் பூவைப் பார்த்து வரைவதாகவும் சொன்னாள்.

தை போய் மாசி பிறந்ததும் கருத்தையாவோடு சண்டை ஆரம்பித்தது. கொப்புடையம்மன் கோயில் பக்கம் அவருடைய ஸ்டேஷனரி கடை. படம் வரைகிற கெட்டித் தாளை ஷீலா அங்கேதான் வாங்குவாள். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பழைய சரக்கு, ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் வேறு கட்டு கொடுத்தார். அதுவும் மஞ்சள். மூன்றாவது தடவை நானும் கூடப் போயிருந்தேன். கருத்தையா ஒரு தாளை உருவி வெயிலில் பிடித்தார்.

"ஏந்தாயி, இது வெள்ளை இல்லைன்னா, நான் கட்டியிருக்க வேட்டியும் வெள்ளை இல்லை. நீங்களே சொல்லுங்க, பாண்டீஸ்வரியம்மா."

தாள் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் நிறத்தைப் பற்றி ஷீலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நான் யார்? எனக்கு ஒரு கோலம் நேராக வராது. பேசாமல் நின்றேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே அந்தத் தாளை வாங்கி வந்தாள்.

அதற்கப்புறம் எல்லாமே அவளுக்குக் குறையாகிப் போனது. டியூப்லைட்டைச் சுற்றி மஞ்சளாக வளையம் தெரிகிறது என்று லைட்டை மாற்றினாள். சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது என்றாள். வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நான் பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன். பங்குனியில் ஒருநாள் போனபோது அரளிக்கு வண்ணம் போட்டுக்கொண்டிருந்தாள். வரையும்போதும் கால் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்தேன். முடித்து வைத்திருந்த எட்டுப் படங்களின் இலைகளையும் பார்த்தேன். சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி எல்லாப் பச்சையும் நீலம் பாய்ந்து கிடந்தது. ஷீலாவுக்குத் தெரியாததா, ஏதோ புது மாதிரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் கொடைக்கானலுக்குப் போனோம். மதுரை, வத்தலக்குண்டு என்று பஸ் மாறி மாறி, மலையில் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பஸ் வளைவு என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்த கன்னியாஸ்திரீகளின் மடத்துத் தோட்டத்தில் டிஜிடாலிஸ் பூத்திருந்தது. வீரணன் என்கிற தோட்டக்காரர் கூட்டிப்போய்க் காட்டினார். ஆள் உயரத்துக்கு ஊதாத் தண்டுகள் வரிசையாக நின்றன. அடியில் இருக்கிற மணிகள் முதலில் விரிந்து, மேலே போகப் போக மொட்டுகளாக இருந்தன. ஷீலா ஒரு மணிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். முப்பது வருஷம் வரைந்த பூவை முதன்முதலாகத் தொடுகிறாள். அவள் கண் கலங்கியது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வரிசையின் கடைசியில் வேறு நிறத்தில் ஒரு கொத்து நின்றது. ஷீலா அதைக் காட்டி, இது மஞ்சள் வகை, இதையும் ஓரத்தில் சேர்த்துப் போடலாம் என்றாள்.

"மஞ்சளா? இது வெள்ளைங்கம்மா" என்றார் வீரணன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கருத்தையா கடையில் வாயை மூடிக்கொண்டு நின்ற மாதிரி இங்கேயும் நிற்க என்னால் முடியவில்லை.

"வெள்ளைதான் ஷீலா. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை."

அவள் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பூவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். என் நரைத்த தலையைப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பென்சில் கையில் இல்லாமல் அவளாக உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மலையிலிருந்து இறங்கி நேரே மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நாடித்துடிப்பு நாற்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு எத்தனை நாள் போடுகிறீர்கள் என்று கேட்டார். தினமும் என்றாள் ஷீலா. சனி ஞாயிறு விடுவதில்லையா என்றார்.

"முன்னாடி விடுவேன் டாக்டர். இப்ப ரிட்டயர்டு ஆயிட்டேன். எனக்கு ஏது லீவு?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வயதானால் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும், அதோடு லீவும் இல்லாமல் நாலு மாதமாக மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது, கண்ணில் தெரியும் மஞ்சள் அதனால்தான், மருந்து இறங்கினால் சரியாகிவிடும் என்றார். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் என்று தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் போனதும் ஷீலா மேலே பார்த்துக்கொண்டு மெதுவாக ஒப்பித்தாள். "டிஜிடாலிஸ். பயன்படும் பாகம் இலை. இதய நோய்க்கு மருந்து. அளவு மிஞ்சினால் குமட்டல், வாந்தி, காண்பவை மஞ்சளாகத் தெரிதல்." அவள் நூற்றுக்கணக்கான ரெக்கார்டு நோட்டுகளில் தன் கையால் எழுதிய வரி. ஒருநாள்கூட அதைத் தனக்கென்று படித்ததில்லை.

அதற்குமேல் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. உன் இலையெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்ததைப் பங்குனியிலேயே பார்த்தேன், சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்ததால் அவள் பச்சையில் மஞ்சளைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"ஏங்க்கா சொல்லலீக?"

"உங்கிட்டப் போயி நான் என்னத்தச் சொல்ல? எனக்கென்ன தெரியும்?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டு வாரத்தில் கண் தெளிந்தது. டாக்டரம்மா அளவைக் குறைத்து, சனி ஞாயிறு லீவோடு மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்லி அனுப்பினார். காரைக்குடிக்கு வந்ததும் முதல் வேலையாக ஒன்பது படங்களையும் எடுத்துப் பார்த்தாள். நாராயண் வந்து, யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அப்படியே மாட்டிவிடலாம், திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று எவ்வளவோ சொன்னான். என் பெயர் போட்டதில் இந்தப் பச்சையா என்று கேட்டு, அவன் கண் முன்னாலேயே ஒன்பதையும் கிழித்தாள். அவன் வேறு வழியில்லாமல் விழாவை ஆவணிக்குத் தள்ளிவைத்தான்.

ஆனால் தூரிகையைத் தொட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தாள். மூன்றாம் நாள் காலை என் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனாள். கருத்தையா வெயிலில் பிடித்துக் காட்டிய அந்த வெற்றுத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள்.

"இது என்ன நெறம்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் மாத்திரையும் போடுவேன், பெயிண்ட்டும் தொடுவேன்."

வெள்ளை என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் ஆடவில்லை. அன்று முதல் மூன்று மாதம் தினமும் காலை ஏழு மணிக்குப் போய், வெள்ளை என்று சொல்லிவிட்டு வந்தேன். சனி, ஞாயிறு மட்டும், வெள்ளை, இன்றைக்கு மாத்திரைக்கு லீவு என்று சேர்த்துச் சொல்வேன். சில இலைகளைக் காட்டி, பழுப்பு தட்டுகிறதா என்று கேட்பாள். தட்டினால் தட்டுகிறது என்றேன். ஒரு தடவை ரொம்பவே முகம் சுளித்தாள். ஆனாலும் மாற்றிப் போட்டாள்.

விழாவன்று அந்த நடையில் நான் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனேன். இருபத்துமூன்று படங்களுக்குக் கீழே 'ஓவியம்: ஆரோக்கிய ஷீலா' என்று இருந்தது. கடைசியில் டிஜிடாலிஸ். ஊதாத் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தண்டும் நின்றது. வெற்றுத் தாளை அப்படியே விட்டு, சுற்றி நிழலை மட்டும் கொடுத்து வெள்ளையைக் கொண்டுவந்திருந்தாள். கீழே அவள் பெயர். அதற்கும் கீழே அவளுடைய கையெழுத்திலேயே இன்னொரு வரி இருந்தது.

'நிறம் பார்த்தவர்: பாண்டீஸ்வரி.'

முப்பத்தொரு வருஷம் யாரும் போடாத பெயரை இப்போதுதான் போடுகிறார்கள். அதிலும் பங்கு கொடுத்திருக்கிறாள். அதுவும் பார்த்தும் வாயைத் திறக்காமல் காப்பி குடித்துவிட்டு வந்தவளுக்கு. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இதை அழித்துவிடு என்று சொல்லத் திரும்பினேன். அவள் அதற்குள் வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வாங்கக்கா, அங்குட்டு நின்னு என்ன பண்றீக" என்றாள்.