வாசலாக இருந்த யன்னல்

எங்கள் ஊர்ப் பாதிரியார், சேர்ச் ஐயர், போய்விட்டார். லண்டனில் இருந்து அவருடைய மகள் இன்று காலை போன் எடுத்துச் சொன்னார்...

நான் எழுதப் பழகியது போன வருடம்தான். இதை ஒருவரையும் கேட்காமல் நானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். அவரைப் பற்றி எழுத முடிகிறதே என்று துக்கத்திலும் ஒரு சந்தோசம்.

நான் சைவ சமயம். மேசன் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் மூத்த மேசன் கந்தையா அண்ணையும் நானும்தான் அந்தச் சேர்ச்சைக் கட்டினோம். வெள்ளைக்காரர் காலத்துப் பழைய சேர்ச் கூரை இறங்கி, சுவர் வெடித்துக் கிடந்தது. கடலில் எடுத்த அதன் முருகைக்கற்களைக் கழற்றி, பக்கத்துக் காணியில் புதிதாக எழுப்ப வேண்டும்.

"ஒரு பக்கம் பீடத்துக்கு ஒடுங்கின அறை, மற்றப் பக்கம் பெரிய வாசல்." இவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு, எது எந்தத் திசை என்று சொல்லாமலே, ஐயர் காய்ச்சலோடு மானிப்பாய் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது சுவர் நெஞ்சளவு உயர்ந்திருந்தது. சூரியனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கந்தையா அண்ணை, பீடம் கிழக்கிலை எல்லோ வரவேணும். சனம் கிழக்கைப் பாத்துத்தான் கும்பிடுறது."

"என்ன ஐயா கதைக்கிறியள்? சாமி எல்லோ கிழக்கைப் பாக்கவேணும்! அதுதான் அறையை மேற்கிலை வைச்சனாங்கள்."

அதுவரை நாங்கள் கோயில்கள்தான் கட்டியிருந்தோம்...

சேர்ச் நிர்வாகம் பார்க்கும் வார்டன் துள்ளினார். "இடியுங்கோ எல்லாத்தையும்! உவங்களைக் கலைச்சுப்போட்டு வேறை மேசனைப் பிடிப்பம்."

கந்தையா அண்ணையின் முகம் செத்துவிட்டது. கட்டிய சுவரை இடித்து ஆளை அனுப்பினார்கள் என்று கதை பரவினால், பிறகு ஒரு கிணற்றுக் கட்டுக்கும் அவரை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

ஐயர் சுவரைச் சுற்றி நடந்தார். எங்களை விட இளையவர். காய்ச்சலில் மெலிந்து, அங்கி தோளில் தொங்கியது.

"ஒண்டும் இடிக்க வேண்டாம். அண்ணை, கிழக்கு வாசலிலை அரைச்சுவர் வையுங்கோ. அது பெரிய யன்னலாய் இருக்கட்டும், பீடம் அதுக்கு முன்னாலை. உந்த அறையின்ரை மேற்குச் சுவரிலை ஒரு வாசல் வெட்டுங்கோ. சனம் அதுக்குள்ளாலை வரட்டும்."

அப்படியே செய்தோம்.

பிரதிஷ்டைக்கு பிஷப் வந்தார். காலை வெயில் அந்த யன்னலால் புகுந்து பீடம் முழுக்க விழுந்தது. இவ்வளவு அகலமான யன்னலைத் தான் எந்தச் சேர்ச்சிலும் காணவில்லை என்றார்.

"இது ஆரின்ரை வேலை?"

வார்டன் வாய் திறக்க முதல் ஐயர் முந்திவிட்டார். "எங்கடை கந்தையா அண்ணையின்ரை."

பிஷப் இறங்கி வந்து அண்ணையின் கையைப் பிடித்தார். அண்ணை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

சைக்கிளில் திரும்பும்போது அண்ணை மெதுவாக மிதித்தார். பிறகு கேட்டார்.

"ஐயர் எனக்காகப் பொய் சொல்லிப்போட்டாரோடா?"

"இல்லை அண்ணை. அந்த இடத்திலை வாசலை விட்டது நீங்கள்தானே."

"ஓம்... அதெண்டால் உண்மைதான்." சிரித்த சிரிப்பில் சைக்கிள் மதகில் மோதப் பார்த்தது.

அந்த வருடமே இரண்டு கோயில்காரரும் இன்னொரு சேர்ச்காரரும் அவரைத் தேடி வந்தார்கள்.

கந்தையா அண்ணை முந்தியே போய்விட்டார். நீங்களும் ஆறுதலாய்ப் போங்கோ, ஐயா...