சாமிக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கும்போது எழும் வாசனையில் பூசை வாசனையோடு தோல் பொசுங்கிய வாடையும் கொஞ்சம் கலந்திருக்கும். பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஏழு "லயத்து" வரிசை வீட்டுச் சனமும் வரிசையில் நின்று சூடம் அடித்து, தொழிற்சங்கம் கைகாட்டிய வேட்பாளரின் விளக்குச் சின்னத்துக்கே வாக்குச்சீட்டில் "புள்ளடி" போடுவோம் என்று சத்தியம் செய்தபோது எனக்குப் பத்து வயது. சத்தியம் வாங்கியவர் என் அப்பா. எங்கள் தோட்டத்தில் சங்கத்தின் "தலைவர்" அவர்தான்.

அப்பாவின் அக்கா காமாட்சி அத்தை, சூடத்தை அடிக்கும்போது இழுப்பில் கிடந்த தன் ஒரே மகனின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷி அவள்.

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில் சங்கத்து மேலிடம் மனம் மாறிவிட்டது. கொழும்பில் பேசி முடித்துவிட்டார்களாம், இனி எதிர்வேட்பாளரின் குடைச் சின்னத்துக்குத்தான் போட வேண்டுமாம். என்னத்தைப் பேசி என்னத்தை முடித்தார்கள் என்று எங்கள் மலைக்கு ஏறி வந்து சொல்ல ஒருத்தருக்கும் கால் வரவில்லை, ஒரு துண்டுக் காகிதம்தான் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்பா லயம் லயமாக ஏறி இறங்கினார்.

அத்தையின் வாசலிலும் போய் விஷயத்தைச் சொன்னார். "சூடம் அடிச்ச கை தம்பி. மாத்திப் போட்டா எம்புள்ளைய ஆத்தா எடுத்துக்குவா" என்றாள் அவள். அதே அத்தையைத் தோட்டத்தை நடத்தும் துரை ஒருமுறை "பேர் வெட்டி" வேலையை விட்டு நிறுத்தியபோது, தோட்டத்தையே வேலைநிறுத்தம் செய்ய வைத்து அவளைத் திரும்பச் சேர்த்தது சங்கம்தான், அதனால் சங்கத்தின் சொல்லை மீறவும் அவளால் முடியவில்லை. இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு அவள் அழுததைப் பார்த்து லயத்துப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள், அவர்களும் சூடம் அடித்தவர்கள்தானே. அப்பா சட்டைப்பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு சின்னத்துக்கும் போட்டுரு அக்கா. சாமிக்கு ஒன்னு, சங்கத்துக்கு ஒன்னு. யாருக்கும் குத்தமில்ல."

அடேயப்பா, அந்த முகங்களில் அப்போது வந்த நிம்மதி! அப்படியே போய்ப் போட்டார்கள், அப்பாவும்தான்.

மறுநாள் அப்பாவோடு பசறைத் தபால் கந்தோருக்குப் போயிருந்தேன். அங்கிருந்த தபால் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். பேச்சுவாக்கில் அப்பா விஷயத்தைச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "ரெண்டு புள்ளடி போட்டா அது செல்லாத வாக்கெல்லோ, தலைவர். ஒருத்தருக்கும் சேராது" என்றார். திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் கையைப் பிடித்து, "அத்தைக்கிட்ட சொல்லிறாத பாப்பா" என்றார். சொல்லத்தான் வேண்டும் என்று அவரும் நினைத்திருப்பார், ஆனால் அந்த மாதமே அத்தை மகனுக்கு இழுப்பு தணிந்தது. ஆத்தா கணக்கில் தன் வாக்கு சேர்ந்துவிட்டதென்று பொங்கல் வைத்துக் கும்பிட்டவளிடம் போய் எப்படிச் சொல்வது? உடம்பு முடியவில்லை என்று தலைவர் பொறுப்பை விட்ட அப்பா, சாகும்வரை யாரிடமும் எதற்கும் சத்தியம் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

இன்று அந்தச் சங்கமே மூன்றாக உடைந்துவிட்டது. சூடம் அடிக்கக் கூப்பிடவும் ஆளில்லை, வந்து நிற்கவும் ஆளில்லை, இளசுகள் பாதிப்பேர் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். போன ஜனாதிபதித் தேர்தலன்று, பதுளையில் படிப்பிக்கும் நான் தோட்டத்துக்குப் போய், கண் மங்கிப்போன அத்தையைப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனேன். மை வைத்த விரலோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஒங்கப்பன் சொன்னபடிதான் பாப்பா. அன்னையிலருந்து எல்லாத் தேர்தலுக்கும் இப்படித்தான். சாமிக்கு ஒன்னு, சங்கத்துக்கு ஒன்னு."

"நல்லதுங்க அத்தை" என்றேன். படியிறங்க அவள் தடுமாறியபோது, கீழே காத்திருந்த அவள் மகன், தலை நரைத்தவன், ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.