பாறையில் காய்ந்த வேட்டி

உங்களை ஏற்றிப்போக வந்த வண்டி, அக்கரையிலிருந்தே திரும்பிப் போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் இன்று காலை பார்த்தேன்.

எங்கள் மலையூரில் சாமையும் கேழ்வரகும்தான் விளையும். களையெடுத்து, காட்டுப்பன்றி விரட்டியே ஆயுசு போய்விடும். கல்லூரி வரை படித்துவிட்டு அந்தப் பிழைப்பு எனக்கு எதற்கு? திருநெல்வேலி கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு நாளைக் காலை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு இன்றைக்கே அம்பாசமுத்திரம் போய் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

இருந்த ஒரே நல்ல வேட்டியில் சேறு. விடிந்ததும் ஆற்றில் துவைத்துப் பெரிய பாறையில் விரித்துவிட்டுத் துண்டோடு காத்திருந்தேன். வண்டிக்காரர் அக்கரை மேட்டுக்கு வந்தார், பாறையைப் பார்த்தார், மாட்டைத் திருப்பினார். நான் கத்தியது ஆற்றிரைச்சலில் அடங்கிப்போயிற்று.

களைக்கொத்தோடு வந்த மதினி சிரித்தாள்.

"ஏங் கொழுந்தனாரே, பாறையில வெள்ளைத்துணி கெடந்தா ஆத்துல வெள்ளம், ஆரும் வரலன்னுல்லா அர்த்தம்! படிச்ச படிப்புல இத மறந்துட்டியளா?"

"சிரிக்காம கூப்புடுங்க மதினி! நீங்க கத்துனா மலையே திரும்பிப் பாக்கும்."

"மலை பாக்கும். மாடு பாக்காதே. அங்கன பாருங்க, வளைவு தாண்டிப் போவுதாரு. வாங்க, பன்னி வெரட்ட ஆளில்ல."

நான் போகவில்லை. நடந்து போனால் ரயில் கிடைக்காது. அடுத்த வண்டி வெள்ளிக்கிழமைதான். கரையில் மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருந்தேன்.

வேட்டி இப்போது நன்றாகக் காய்ந்திருக்கிறது.