பச்சை மையில் ஒரு பாஸ்வேர்டு

பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன் இரண்டு வருடம் புதுச்சேரி உப்பளம் பகுதியில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். எங்கள் பிரிவில் இருந்த மூன்று கணினிகளில் ஒன்றுக்குத்தான் இணைய இணைப்பு உண்டு. அது அக்காவின் மேசையில் இருந்தது. பிரிவின் மூத்த எழுத்தரான அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் டில்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிரி எல்லை தாண்டித்தான் வர வேண்டும் என்பதில்லை, அலுவலகக் கணினி வழியாகவும் வரலாம் என்பது அதன் சாரம். கணினிக்குப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும், அதை யாருக்கும் சொல்லக் கூடாது, மூன்று மாதத்தில் ஆய்வுக்கு ஆள் வரும்.

எங்கள் அலுவலகத்தில் மின்விசிறி மாற்றினாலும் கோப்பு வேண்டும். "பாஸ்வேர்டுக்கும் ஒரு கோப்பு போடும்மா" என்றார் கண்காணிப்பாளர். அக்கா போட்டார். காந்தி சிலை, கடற்கரை, கலங்கரை விளக்கம் என்று மூன்று பாஸ்வேர்டுகளை ஆங்கிலத்தில் எழுதி ஒப்புதலுக்குச் சமர்ப்பித்தார். கண்காணிப்பாளர் கலங்கரை விளக்கத்தை டிக் செய்தார். மேலே ஒருவர் முதல் எழுத்தைப் பெரிதாக்கினார். அதற்கும் மேலே ஒருவர் பச்சை மையில் கடைசியில் இருபத்துநான்கு சேர்த்தார். 'ரகசியம்' என்று எழுதிய உறையில் கோப்பு ஐந்து மேசைகள் போய், ஐந்து சுருக்கொப்பங்களோடு திரும்பி வந்தது.

ஆய்வுக்கு முந்தைய நாள்தான் கண்காணிப்பாளர் சுற்றறிக்கையை முழுதாகப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீ அஞ்சு பேருகிட்ட கையெழுத்து வாங்கி வச்சிருக்கியே. அந்த ஆளு பாத்தா இன்னா எழுதுவான்? யாராவது ஒருத்தர் யானம் போவணும்."

"கோப்பு போடச் சொன்னதே நீங்கதானே சார்."

"நான் வாயாலதானே சொன்னேன். கோப்புல உன் கையெழுத்துதான் முதல்ல இருக்கு."

யானமும் நம் புதுச்சேரிதான். ஆனால் ஆந்திரத்துக்குள் இருக்கிறது, ரயிலில் ஒரு ராத்திரிக்கு மேல் ஆகும். அக்காவின் மகள் ரெட்டியார்பாளையத்தில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் ஒரு மனுவைத் தட்டச்சு செய்யச் சொன்னார். மகளின் தேர்வு முடியும்வரை இடமாற்றம் வேண்டாம் என்று கேட்கும் மனு. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இரண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினார்.

மறுநாள் வந்த ஆய்வு அதிகாரி தமிழர்தான், டில்லியில் வேலை. கோப்பைக் கேட்டு வாங்கி நின்றபடியே படித்தார். உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

"பாஸ்வேர்டுக்கு ஒப்புதலா?"

அவர் அக்காவின் நாற்காலியில் அமர்ந்து, கோப்பைப் பார்த்து அடித்தார். திறக்கவில்லை.

"மொதல் எழுத்தைப் பெருசா போட்டீங்களா சார்?" என்றார் கண்காணிப்பாளர்.

"போட்டேன்."

"கடைசில இருபத்துநாலு?"

"அதுவும் போட்டேன்."

அக்கா எழுந்தார். "அது தொறக்காது சார். மாத்திட்டேன்."

"எப்போ?"

"கோப்பு திரும்பி வந்த வாரமே. நான் சாப்பிட்டு வந்து பாத்தா, தபால் பிரிவுலேருந்து ஒருத்தரு இதுல சீட்டு ஆடிக்கினு இருந்தாரு. அவரும்தான் உறையைப் பிரிச்சிருக்காரு."

"இவ்வளவு நாளா வேற பாஸ்வேர்டு. நீங்க கவனிக்கலையா?" என்று அதிகாரி கண்காணிப்பாளரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அந்தக் கணினியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

"சரி, இப்ப இன்னா பாஸ்வேர்டு?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இருக்கே சார்."

"நான் ஆய்வு அதிகாரிம்மா."

"யாருக்கும்னுதான் போட்டிருக்கு."

அதிகாரி கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகுதான் நாங்களும் சிரித்தோம். அறிக்கையில் மூன்று வரி எழுதினார்: ஒப்புதல் முறை கைவிடப்பட வேண்டும், கணினி ஆய்வு அதிகாரிக்கே திறக்கவில்லை, பாதுகாப்பு திருப்தி.

அவர் ஜீப் கிளம்பியதும் அக்காவிடம் கேட்டேன். "நேத்தே சார்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. மனு எதுக்கு?"

"ஒப்புதல் ஆனதைக் கேக்காம மாத்தினது தப்புதானே. அதுக்கே யானம் அனுப்பலாம். அதுவும் இல்லாம, சொல்லியிருந்தா புதுசையும் கோப்புல போடச் சொல்லியிருப்பாரு."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்காணிப்பாளர் வந்தார். "ஏம்மா, மாத்தினதைக் கோப்புல..." என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் அக்கா பிரிவு முழுவதற்கும் சமோசா வாங்கி வந்தார். தட்டு போதவில்லை. எனக்கு வந்த இரண்டு சமோசாக்கள் நான் தட்டச்சு செய்த மனுவின் மேல் இருந்தன. எண்ணெய் ஊறி, 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்ற வரி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.