எட்டு நாற்பது மாட்டு ரயில்

காஜா பெராங் ரயில் நிலையம் என்றதும் யாரும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. தகரக் கூரை, சிமெண்டு மேடை, டிக்கெட் கொடுக்க ஒரு சன்னல், ஒரு வெண்கல மணி. அவ்வளவுதான். மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகும் வண்டி அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். சில நாள் அதையும் மறந்துவிடும்.

அங்கே போர்ட்டராக இருந்தவர் சேதுராமன். மூட்டை தூக்குவது, மணி அடிப்பது, கொடி காட்டுவது எல்லாம் அவர்தான். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்த வாரமே ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காணாமல் போனார். சன்னலும் சேதுராமன் தலையில் விழுந்தது.

அடுத்த வருஷம் ஜப்பான்காரர்கள் ஆட்களோடு வந்து தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். சயாமில் போடப்போகும் பாதைக்கு வேண்டுமாம். இரும்பு போயிற்று, கட்டைகள் போயின, ஆணிகளைக்கூடப் பொறுக்கினார்கள். மேடை ஓரத்தில் வெறும் மண்மேடு மட்டும் நீட்டிப் படுத்திருந்தது. கிளம்பும்போது அதிகாரி சேதுராமனைப் பார்த்து ஐந்து நிமிஷம் பேசினார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் மாணிக்கவாசகம். மூன்று மாதம் ஜப்பான் மொழி படித்தவர்.

"என்ன சொல்றாரு?" என்று சேதுராமன் கேட்டார்.

"நிக்கணுமாம்."

"அஞ்சு நிமிஷமும் அதைத்தான் சொன்னாரா?"

"மறு உத்தரவு வரைக்கும் நிக்கணுமாம்," என்றார் மாணிக்கவாசகம், கொஞ்சம் கோபமாக.

சேதுராமன் நின்றார். வேலையில்லாத ஆண்களைப் பிடித்துச் சயாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. அவர் கையில் ரயில்வே பட்டை இருந்ததால் அவரைத் தொடவில்லை. வாரம் ஒருமுறை பங்கீட்டு அரிசியும் வந்தது. மனைவி பொன்னம்மா மட்டும், "ரயிலே இல்லாத இடத்துல நீங்க என்னத்தப் பாத்துக்கிறீங்க?" என்று கேட்டாள். அரிசியைக் காட்டினார். அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

ஆனால் அவருக்கே பயம் பிடித்துக்கொண்டது. சும்மா நின்றால் யாராவது எழுதிப் போட்டுவிடுவார்களே? ஆகவே காலை வண்டியின் நேரத்துக்கு மணி அடித்துப் பச்சைக் கொடி காட்ட ஆரம்பித்தார். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பியிருந்ததால் அந்த நேரம் எட்டு நாற்பது. மலாக்காச் சேவல்களுக்கு அது ஏழு பத்துதான்.

ஒருநாள் சிவகாமசுந்தரி என்ற அம்மாள் இரண்டு வாத்துகளைக் கூடையில் வைத்துக்கொண்டு மேடையேறினார். அதே பாதையில் இருந்த டுரியான் துங்காலில் தங்கை பிள்ளை பெற்றிருக்கிறாளாம்.

"மணி அடிச்சீங்களே, வண்டி எங்கண்ணே?"

"வண்டி வராதும்மா."

"அப்ப மணி?"

"அது நேரத்துக்கு அடிக்கிறது."

"பச்சைக் கொடி காட்டினீங்களே?"

"அது... வண்டி போயிடுச்சுன்னு."

"வராத வண்டி எப்படிண்ணே போச்சு?"

சேதுராமன் கொடியைச் சுருட்டினார். அம்மாள் வாத்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அடுத்ததுல போறேன். இருக்கு பாருங்க, நேரப் பலகையில எழுதியிருக்கு."

அப்போதுதான் தெங்கேராவிலிருந்து அப்துல் கய்யூம் மாட்டுவண்டியோடு வந்தார். விறகு ஏற்றிவர தினமும் காலையில் வெறும் வண்டியாக டுரியான் துங்காலுக்குப் போகிறவர். சேதுராமன் பாய்ந்து குறுக்கே நின்றார்.

"பாய்! இன்னைக்கு நீங்கதான் ரயில்."

"அலாமாக்! மாட்டுக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். ஆனாலும் வண்டியை மண்மேட்டில் ஏற்றினார்கள். மேடும் பள்ளமும் இல்லாத பாதை, மாடுகளுக்குப் பிடித்துப்போயிற்று. பழைய மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில் ஓட்டை போட்டு அம்மாளுக்குக் கொடுத்தார் சேதுராமன். கட்டணம் ஒரு முட்டை. வாத்து அங்கேயே இட்டது.

ஒரு வாரத்தில் கூட்டம் சேர்ந்தது. வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் வகுப்பு. பின்னால் காலைத் தொங்கப் போட்டால் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு எது என்று ஒரு துணிக்கடைக்காரர் சண்டை போட்டார். அவரை நடுவில், மரவள்ளிக்கிழங்கு மூட்டை மேல் உட்கார வைத்தார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலை ஒரு ரயில்வே அதிகாரி மாணிக்கவாசகத்தோடு வந்து இறங்கினார். புதியவர், குட்டையானவர், கையில் பெரிய கடிகாரம். நேரப் பலகையைப் பார்த்தார். மண்மேட்டைப் பார்த்தார். எட்டு நாற்பது ஆயிற்று. வண்டி இல்லை. எட்டு ஐம்பத்தொன்றுக்கு மாடுகள் ஆடி அசைந்து வந்தன.

கன்னத்தில் அறை நிச்சயம், அதற்கு மேல் சயாமும் உண்டு என்று நினைத்துச் சேதுராமன் இடுப்பு வளையக் குனிந்தார். அதிகாரி நீளமாகக் கத்தினார்.

"லேட்டாம்," என்றார் மாணிக்கவாசகம்.

"வேற?"

"பதினொரு நிமிஷம் லேட்டாம். ஏன்னு கேக்குறாரு."

"செவலை படுத்துக்கிச்சு, ஐயா," என்றார் கய்யூம்.

அதை மாணிக்கவாசகம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. அதிகாரி தலையை ஆட்டினார். ஜப்பானில் முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனிதராம் அவர். வண்டி எது என்பது அவருக்குப் பெரிதில்லை, நேரம்தான் பெரிது. வெள்ளைக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, கிளம்புமுன் ஒவ்வொன்றையும் விரல் நீட்டிப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும் என்று செய்து காட்டினார். சக்கரத்தைச் சுட்டி, "யோஷி!" 'சரியாக இருக்கிறது' என்று அர்த்தமாம். கொம்பைச் சுட்டி, "யோஷி!" வாலைச் சுட்டியபோது செவலை சாணி போட்டது. அதையும் விடாமல் சுட்டி, "யோஷி!" என்றார்.

மேடையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததில் துணிக்கடைக்காரருக்கு விக்கல் எடுத்தது.

போகும்போது அதிகாரி ஆணியில் இருந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டிச் சேதுராமன் தலையில் வைத்தார். அன்று முதல் அவர் ஸ்டேஷன் மாஸ்டர். அரிசியோடு உப்பும் வந்தது. தினமும் மாட்டு வாலைப் பார்த்துக் கத்த வேண்டியிருந்தது, அதற்கென்ன, கத்தினார். பொன்னம்மா அந்த நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் வரமாட்டாள்.

ஜப்பான் சரணடைந்த பிறகு லாரிகள் ஓடத் தொடங்கின. ஒரு காலையில் ஏற ஆளே இல்லை. அப்போதுதான் சேதுராமனுக்கு உறைத்தது: இத்தனை வருஷம் ரயில்வேயில் இருந்தும் டுரியான் துங்காலை அவர் பார்த்ததே இல்லை. மேடையைப் பூட்ட முடியாதாகையால் சன்னலை மட்டும் சாத்திவிட்டு, கய்யூம் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

போய் இறங்கி ஒரு காப்பி குடித்தார். ஆற்றுக் காற்று நன்றாக இருந்தது. அடுத்த மாதமே பொன்னம்மாவோடு அங்கே குடியேறி அன்னாசி போட்டார். எண்பத்தொரு வயதுவரை அதையே விற்றுப் பிழைத்தார்.